ஓட்டுக் கொடுத்து ஓட்டு எடுத்தோம்

அக்டோபர் 6, ஞாயிறு

இன்று காலை இட்லி வேகுவதற்குள் ஏழு பேர் எனக்கு உருகி உருகிச் செய்தி அனுப்பிவிட்டார்கள். 'கோமதி, நீ இல்லாமல் எங்களால் முடியாது.' 'கோமதி, இந்த நாட்டின் எதிர்காலம் உன் கையில்.' 'கோமதி, இன்னுமா யோசிக்கிறாய்?' கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் என் வீட்டுக்காரர் இப்படி ஒரு வரி எனக்கு எழுதியதில்லை. அவர் அனுப்பும் செய்தியெல்லாம் 'தயிர் இருக்கா?' என்ற அளவோடு நிற்கும்.

மார்ச் மாதம்தான் கையைத் தூக்கி உறுதிமொழி சொல்லி அமெரிக்கக் குடிமகள் ஆனேன். இருப்பது பென்சில்வேனியா. ஜனாதிபதித் தேர்தலில் அநேகமாக எல்லா மாநிலத்திலும் ஒரே ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவர் மாநிலத்தையே மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விடுவார். கலிஃபோர்னியாவில் யார் அள்ளுவார் என்பது தொட்டில் குழந்தைக்கும் தெரியும், அங்கே இருப்பவர்களை ஒரு கட்சியும் சீந்தாது. எங்கள் மாநிலம் கடைசி நிமிஷம் வரை இழுபறி, ஒவ்வொரு ஓட்டுக்கும் கட்சிக்காரர்கள் செய்தி அனுப்பிக் கெஞ்சுவார்கள். அதனால் ஐம்பத்திரண்டு வயதில், மூட்டுவலித் தைலம் மணக்க மணக்க, நான் ஒரு கனவுக் கன்னி.

கட்சிப் பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. இந்த டயரி யார் கையிலாவது சிக்கினால் எனக்கு இரண்டு தெருவில் சாப்பாடு கிடைக்காது. பெரிய கட்சி இரண்டு: ஒன்று வீட்டுக்காரர் கட்சி, இன்னொன்று எதிர்வீட்டுக் கட்சி. எதிர்வீட்டு ஜெரால்ட் தன் புல்வெளியில் ஒரு கட்டில் அகலத்துக்குப் பலகை நட்டிருக்கிறார். மூன்றாவது, மகள் கட்சி. அதன் வேட்பாளர் எங்கோ கல்லூரியில் புவியியல் சொல்லிக்கொடுத்த ஒரு அம்மாள்.

அந்தப் புவியியல் அம்மாளால்தான் எங்கள் வீடு இரண்டாகிக் கிடக்கிறது. இருபது வயது மகள் இளமதிக்கு இதுதான் முதல் ஜனாதிபதி ஓட்டு. ஆகஸ்டில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில் ஆரம்பித்தது.

"அந்தம்மாவுக்குப் போடுத ஒவ்வொரு ஓட்டும் எதிர்வீட்டுக்காரனுக்குப் போடுத ஓட்டுட்டி. ஜெயிக்காதவளுக்குப் போட்டு யாருக்கு லாபம்?" என்றார் இவர்.

"எனக்குப் பிடிச்சவங்களுக்குப் போடுறேன்ப்பா. பயந்து பயந்து போட்டா அதுக்குப் பேரு ஓட்டா? ஒவ்வொரு தடவையும் 'இந்த ஒரு தடவை மட்டும்'னு சொல்றீங்க. அந்த ஒரு தடவை முடியவே மாட்டேங்குதே!"

"அப்ப தேர்தல் முடியுத வரைக்கும் இந்த வீட்டுப் பக்கம் வராத."

மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனவள்தான். தீபாவளிக்கும் வரமாட்டாளாம். எனக்கொன்றும் வருத்தமில்லை. கடலைமாவு நிறைய வாங்கிவிட்டேன், அது வீணாகுமே என்றுதான்.

அக்டோபர் 9, புதன்

இளமதி போனை எடுக்கவில்லை. எடுக்காவிட்டால் போகிறது. நானும் ஒன்றும் ஓயாமல் அடிக்கவில்லை, இடையில் இரண்டு தடவை துணி மடித்தேன்.

அக்டோபர் 11, வெள்ளி

நான் வேலை பார்ப்பது ஒரு பல் டாக்டர் கிளினிக்கின் முன்மேசையில். அரசியல் பேச உலகத்திலேயே உத்தமமான இடம். வருகிறவர்கள் வாயைத் திறந்தபடி இருப்பார்கள், ஆனால் எதிர்த்துப் பேச முடியாது.

இன்று வேர்ச்சிகிச்சை முடிந்து பாதி வாய் மரத்துப்போன ஒரு பள்ளிக்கூட டீச்சர், கன்னத்தைப் பிடித்துக்கொண்டே எனக்கு ஒரு பொக்கிஷத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். இங்கே ஓட்டு மாற்று என்று ஒரு வழக்கம் இருக்கிறதாம்! இழுபறி மாநிலத்தில் மூன்றாவது கட்சிக்குப் போட நினைக்கிறவர் பெரிய கட்சிக்குப் போடுவாராம். பதிலுக்கு, முடிவு தெரிந்த மாநிலத்தில் இருக்கும் சிநேகிதர் மூன்றாவது கட்சிக்குப் போட்டுவிடுவாராம். தேசம் முழுக்க நூற்றுக்கு ஐந்து வாங்கிவிட்டால் சின்னக் கட்சிக்கு அடுத்த தேர்தலில் அரசாங்க உதவி உண்டு. அதனால் ஓட்டு எந்த மாநிலத்திலிருந்து விழுந்தாலும் அவர்களுக்கு லாபம். பணம் காசு கிடையாது, வாய் வார்த்தைதான்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. இது நம் ஊரில் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதேதான்! உன் தங்கச்சியை என் தம்பிக்குக் கொடு, என் தங்கச்சியை உனக்குத் தருகிறேன், இரண்டு வீட்டுச் சண்டையும் முடிந்தது.

கலிஃபோர்னியாவில் யார் இருக்கிறார்? என் கூடப் பிறந்த ஆவுடை அக்கா! குடும்ப வாட்ஸப் குரூப்பின் அமெரிக்க அரசியல் பேராசிரியை. அத்தான் தவறிப்போன பிறகு அவளுக்கு டிவிதான் புருஷன். கட்சியிலும் இவர் பக்கம். சம்பந்தம் அப்படியே வாசலில் வந்து நிற்கிறது.

அடுத்தவர் பல்லுக்கு நாள் குறிக்கும்போது காலண்டரைப் பார்க்க மறந்து, அந்த அப்பாவியைக் கிறிஸ்துமஸ் அன்று வரச்சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

தரகர் கோமதி. அதிகாலையிலிருந்து வேலை.

இளமதிக்கு 'அப்பாவைப் பத்தி ஒரு வம்பு இருக்கு' என்று செய்தி அனுப்பினேன். அரை நிமிஷத்தில் போன் அடித்தது. என் ரத்தம்.

விஷயத்தைச் சொன்னேன்.

"யாரு ஓட்டும்மா? பெரியம்மா ஓட்டா?"

"ஆமா. அவ அங்க உன் புவியியல் அம்மாளுக்குப் போடுவா, நீ இங்க அப்பா கட்சிக்குப் போடு. உன் கட்சிக்கு ஒண்ணும் குறையாதுல்லா?"

"பெரியம்மா சரின்னு சொல்லிட்டாங்களா?"

"சொல்ல வைக்கேன்."

இருமினாளா சிரித்தாளா தெரியவில்லை. "சரிம்மா. பெரியம்மா ஒத்துக்கிட்டா எனக்கும் ஓகே. தீபாவளிக்கு வரேன்."

ஒரு மணி நேரம் வாதாடத் தயாராக வெந்நீரெல்லாம் பக்கத்தில் வைத்திருந்தேன். இவ்வளவு சுலபமாக மசிவாள் என்று நினைக்கவில்லை. என் பேச்சுத்திறமை எனக்கே சில நேரம் பயமாக இருக்கிறது.

அக்காதான் பிடி கொடுக்கவில்லை.

"ஏட்டி கோமு, ஓட்டுன்னா ரகசியம்லா. அதப் போய் மாத்துதேன் கூத்துதேன்னுட்டு."

"அங்க உன் கட்சி எப்படியும் ஜெயிக்கும். உன் ஒரு ஓட்டு போனா என்ன கெட்டுப்போச்சு?"

"அதுக்கில்லட்டி..."

"பின்ன எதுக்கு? புள்ள ரெண்டு மாசமா வீட்டுக்கு வரலக்கா."

டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். பிறகு, "சரிட்டி, பிள்ள வரட்டும்" என்றாள். கட்சிப்பற்று என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும்! ஒரு ஓட்டை விட்டுக்கொடுக்க என்ன பாடு படுகிறாள் பாருங்கள்.

இவரிடம் இரவுச் சாப்பாட்டில் சொன்னேன். அங்கே ஒன்று போனால் நஷ்டமில்லை, இங்கே ஒன்று வந்தால் தங்கம் என்று ரசத்தில் விரலால் கணக்குப் போட்டார். பிறகு கேட்டார், "அப்ப அவ வாராளா?" கை கழுவிவிட்டு வந்து கேட்டார். விளக்கை அணைத்த பிறகும் கேட்டார். ஓட்டைப் பற்றித்தான் கேட்கிறார் போல.

அக்டோபர் 19, சனி

நிச்சயதார்த்தம் சிறப்பாக நடந்தது. சும்மா வாயால் சொன்னால் எனக்குத் திருப்தி வராது. மூன்று வீட்டையும் வீடியோ காலில் இழுத்தேன். தாம்பாளத்தில் வாழைப்பழம், ஆப்பிள், மஞ்சள். வெற்றிலை கிடைக்கவில்லை, பசலைக்கீரை வைத்தேன். இவர் பட்டுச்சட்டை போட்டு, கீழே கால்சட்டையோடு உட்கார்ந்தார்.

தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தேன்: "பென்சில்வேனியா மாநிலம் நெல்லையப்பன் குமாரத்தி சௌபாக்கியவதி இளமதியின் கன்னி ஓட்டை வீட்டுக்காரர் கட்சிக்கும், கலிஃபோர்னியா மாநிலம் ஆவுடையம்மாளின் அனுபவம் வாய்ந்த ஓட்டை மகள் கட்சிக்கும் கொடுத்துக் கொள்வதாகப் பெரியோர்கள் நிச்சயித்து..."

"பெரியோர்னா யாரும்மா?"

"வாய மூடு. நான்தான்."

இவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதைப் பார்த்து அவளும் சிரித்தாள். ஆகஸ்டுக்குப் பிறகு ஒரே திரையில் இரண்டு முகமும். நான் மும்முரமாகக் கீரையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

அக்காவைத் திரையில் தெரிந்த தட்டைத் தொட்டு சத்தியம் பண்ணச் சொன்னேன். "சத்தியம் கித்தியம்லாம் எதுக்குட்டி?" என்றவள், காஸில் பால் பொங்குகிறது என்று காணாமல் போனாள். அவள் காலையில் காபியை விட்டுப் பல வருஷமாகிறது. விருந்தாளி யாராவது வந்திருப்பார்கள்.

அக்டோபர் 26, சனி

எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு ஹால் எப்போது கிடைக்கிறதோ அப்போது தீபாவளி. இந்த வருஷம் நிஜத் தீபாவளிக்கு ஐந்து நாள் முன்னாலேயே நரகாசுரனைத் தீர்த்துவிட்டோம்.

இளமதி வந்தாள்! இவர் காலையிலிருந்து வாசலில் இலை வாரிக்கொண்டிருந்தார், கையால். ஜெரால்டிடம் இலை ஊதும் மெஷின் இருக்கிறது, வருஷா வருஷம் கேட்டு வாங்குவார். இந்த வருஷம் மானப் பிரச்சினை. கார் வந்து நின்றதும் வாரியலைக் கீழே போட்டார்.

"வந்துட்டியா?"

"வந்துட்டேன்."

இவ்வளவுதான். அதற்குப் பிறகு முறுக்கு கல் மாதிரி இருக்கிறது என்று அப்பனும் மகளும் ஒரே கட்சியாகிவிட்டார்கள்.

சாயந்திரம் தபால் ஓட்டுச் சீட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இவர் மாடிப்படியில் பூனை மாதிரி.

"எங்கிட்ட காட்ட மாட்டியா?"

"ரகசிய ஓட்டுப்பா! கவருக்குள்ள இன்னொரு கவர் வச்சிருக்காங்க பாருங்க, உங்கள மாதிரி அப்பாக்களுக்காகத்தான்."

இரண்டு பேரும் காரில் போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு, இந்தக் குளிரில் ஐஸ்கிரீம் தின்றுவிட்டு வந்தார்கள். எனக்கு வாங்கி வரவில்லை. சந்தோஷத்தில் மறந்திருப்பார்கள், பரவாயில்லை. மறுபடியும் சொல்கிறேன், பரவாயில்லை.

அக்டோபர் 31, வியாழன்

இன்றுதான் நிஜத் தீபாவளி. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, சாக்லேட் கேட்டு வந்த பேய் வேஷக் குழந்தைகளுக்குக் கதவைத் திறந்தேன். ஒரு எலும்புக்கூடு பயந்து ஓடிவிட்டது.

நவம்பர் 2, சனி

எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். டயரி யாரிடமும் சேர்த்தியில்லை.

கலிஃபோர்னியாவில் பதிவு செய்த எல்லோர் வீட்டுக்கும் ஓட்டுச் சீட்டு தபாலிலேயே வந்துவிடும். ஒரு வாரமாக 'போட்டாச்சா அக்கா?' என்று கேட்கிறேன், பதிலுக்கு ரோஜாப்பூப் படம் வருகிறது. இன்று நானே போன் அடித்தேன்.

"ஏட்டி, எனக்கு ஓட்டே கிடையாதுட்டி."

"என்னக்கா சொல்லுத?"

"நான் சிட்டிசனே ஆகல. ரெண்டு வாட்டி இன்டர்வியூ போனேன். ரெண்டு வாட்டியும் பெயில்."

"நீயா? செனட்டுல எத்தன பேருன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவியே!"

"எல்லாம் தெரியும்ட்டி. அந்த ஆபீசர் முன்னால உக்காந்ததும் நாக்கு மேல ஒட்டிக்கிடுச்சு. நல்ல மனுசன், தண்ணியெல்லாம் குடுத்தான். தண்ணி உள்ள போச்சு, பதில் வெளிய வரல."

"அப்ப குரூப்புல கொடியோட போட்டோ போட்டியே?"

"கொடி கடையில வாங்குனது."

"கேசரி கிண்டுனியே?"

"கேசரி நெசம்தான்."

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அப்படியே அது அழுகையாகிவிட்டது. குடும்பத்தில் நாற்பது பேர் வாழ்த்துச் சொன்ன பிறகு எப்படி இல்லை என்பது? மார்ச்சில் நான் உறுதிமொழி எடுத்த அன்றைக்கு, முழங்கால் வலி என்று அவள் வராமல் போனதற்கு நான் இரண்டு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தேன்.

"பிள்ள வரணும்னு நீ கெஞ்சுன பாரு, அதான் சரின்னுட்டேன். யார்ட்டயும் சொல்லிராத கோமு. முக்கியமா பிள்ளகிட்ட. நான் போடுதேன்னு சொன்ன ஓட்ட நம்பி அது போட்டுட்டுது, அது மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

நவம்பர் 3, ஞாயிறு

சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

பெட்டியில் போட்ட சீட்டைத் திருப்பி எடுக்க முடியாது. பிள்ளை தனக்குப் பிடித்ததை விட்டுக்கொடுத்துப் போட்டிருக்கிறாள். பதிலுக்கு நாங்கள் கொடுத்தது காற்று. பெண்ணை வாங்கிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டார் வெறும் நாற்காலியை மணமேடைக்கு அனுப்பிய மாதிரி. தெரிந்தால் அப்பனும் சேர்ந்து ஏமாற்றினார் என்றுதான் நினைப்பாள். முறுக்கை ஒன்றாகத் திட்டிய இரண்டு பேரும் மறுபடியும் ஆகஸ்டுக்குப் போய்விடுவார்கள்.

தரகு பண்ணியது நான். ஈடு கட்ட வேண்டியதும் நான். என்னிடம் ஒரு ஓட்டு இருக்கிறது. புத்தம் புதுசு.

ஆனால் அது கலிஃபோர்னியா ஓட்டு இல்லையே. இங்கே அதற்கு என்ன விலை என்று தினமும் ஏழு பேர் எனக்கு எழுதுகிறார்கள்.

இவர் சோபாவில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் கட்சிக்காகக் கதவு கதவாகத் தட்டி, முழங்கால் வீங்கி, அதற்கு நான் தைலம் தேய்த்து... "நம்ம வீட்டுல மூணு ஓட்டு, கோமு. மூணும் நமக்குத்தான்" என்றார்.

"எனக்குன்னு ஒரு யோசனை இருக்கக்கூடாதா?"

"இருக்கட்டும், யாரு வேண்டாம்னா? யோசிச்சுட்டு நமக்குப் போடு."

தைலத்தை அவரையே தேய்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 5, செவ்வாய்

போட்டுவிட்டேன்! பள்ளிக்கூட ஜிம்மில் சாவடி. மாம்பழ நிறப் புடவை கட்டி, மேலே பனிக்கோட்டு. வரிசையில் நின்ற ஒரு அம்மாள் கல்யாணத்துக்குப் போகிறீர்களா என்று கேட்டாள். "அப்படித்தான் வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி இவர் நின்று தங்கள் கட்சியின் மாதிரிச் சீட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே ஜெரால்ட், அவர் கட்சிச் சீட்டோடு. இரண்டு பேருக்கும் மூக்கு சிவந்திருந்தது. இவர் எனக்கும் ஒன்றை நீட்டி, "மேடம், ப்ளீஸ்" என்றார், கண்ணைச் சிமிட்டிக்கொண்டு. கட்டிக்கொண்ட நாளிலிருந்து இவ்வளவு மரியாதை பார்த்ததில்லை. வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

உள்ளே அடையாள அட்டையைக் காட்டினேன். பெயரைத் தேடிக் கையெழுத்து வாங்கினார்கள். பழக்க தோஷம், இடது ஆள்காட்டி விரலை மைக்கு நீட்டினேன். மேசையிலிருந்த பெரியம்மாள் அந்த விரலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு விரலைப் பிடித்து அன்பாகக் குலுக்கினாள்.

சீட்டில் சின்னமே இல்லை! சூரியன் இல்லை, இலை இல்லை, கை இல்லை. பெயர், பெயர், பெயர். பக்கத்தில் குட்டி முட்டை மாதிரி வட்டம், அதைப் பேனாவால் நிரப்ப வேண்டும். வீட்டுக்காரர் கட்சியைப் பார்த்தேன். முழங்கால் ஞாபகம் வந்தது. கொஞ்சம் கீழே பார்த்தேன். ஐஸ்கிரீம் தின்று சிவந்த இரண்டு பேரின் உதடுகள் ஞாபகம் வந்தன.

வேடிக்கை என்னவென்றால், இரண்டு ராத்திரியாக அந்தப் புவியியல் அம்மாள் பேசியதையெல்லாம் உட்கார்ந்து கேட்டிருந்தேன். ஈடு கட்டத்தான் போகிறோம், ஆள் யாரென்றாவது தெரிய வேண்டாமா என்று. ஆற்றுத் தண்ணீரைப் பற்றி அவள் சொன்ன சிலது எனக்கே தோன்றியிருந்தவை, யாரும் கேட்காததால் நான் சொல்லாதவை.

யாருக்குப் போட்டேன் என்பது ரகசியம். கவருக்குள் கவர். மெஷின் சீட்டை விழுங்கியதும் காருக்கு வந்து அக்காவுக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பினேன்: 'உன் ஓட்டு விழுந்துவிட்டது. நிம்மதியாகத் தூங்கு.'

காரை எடுத்துக்கொண்டு வாசலைக் கடக்கும்போது இவர் கட்டைவிரலை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன்.

நவம்பர் 6, புதன்

ஜெயித்தது யார் என்று எழுதமாட்டேன். எழுதினால் எது எந்தக் கட்சி என்று தெரிந்துவிடும். ஒரு வீட்டில் பாயசம், ஒரு வீட்டில் பலகை பிடுங்குகிறார்கள். மகள் கட்சி நூற்றுக்கு ஐந்தின் பக்கத்தில்கூடப் போகவில்லை. என் செல்போனுக்கு ஒரு செய்தியும் வரவில்லை. ஆண்கள் எல்லோரும் இப்படித்தான்.

நவம்பர் 10, ஞாயிறு

இவருக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது. எங்கள் சாவடியில் எந்தக் கட்சிக்கு எத்தனை ஓட்டு என்று கவுண்டி, அதாவது மாவட்ட ஆபீஸ், வெளியிட்டிருக்கிறது. மகள் கட்சிக்கு ஒன்பது.

"எட்டுப் பேர எனக்குத் தெரியும். எட்டுக் கதவையும் நானே தட்டுனேன், மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. இந்த ஒன்பதாவது ஆளு யாரு?" காலையிலிருந்து தெருவில் நடந்துகொண்டு ஒவ்வொரு வீட்டையும் முறைக்கிறார். இதற்காக ஜெரால்டோடு பேச ஆரம்பித்துவிட்டார். இரண்டு பேரும் இலை ஊதும் மெஷினை நடுவில் வைத்துத் துப்பறிகிறார்கள்.

அந்த நேரம் பார்த்து இளமதி கூப்பிட்டாள்.

"அம்மா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே? பெரியம்மாவுக்கு ஓட்டு கிடையாது. எனக்கு முன்னாடியே தெரியும்."

உட்கார்ந்துவிட்டேன். "எப்படிட்டி?"

"போன வருஷம் சம்மர் அங்கதானே இருந்தேன்? கிரீன் கார்டு புதுப்பிக்க நான்தான் கூட்டிட்டுப் போனேன். உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

"தெரிஞ்சுமா மாத்துக்குச் சரின்ன?"

"வீட்டுக்கு வரணும் போல இருந்துச்சும்மா. அப்பா கூப்பிட மாட்டாரு. நானா வந்தா தோத்த மாதிரி இருக்கும். நீ வேற கீரையெல்லாம் வச்சு நிச்சயம் பண்ணுன. அத விட நல்ல சாக்கு கிடைக்குமா?"

"அப்ப ஓட்டு? நீ யாருக்குப் போட்ட?"

"அப்பா கட்சிக்குத்தான். கதவச் சாத்திட்டு ரொம்ப நேரம் யோசிச்சேன். ஆனா வாக்குக் குடுத்தேன்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது. நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய, மூச்சு முட்ட. ஆகஸ்டிலிருந்து வீட்டையே இரண்டாக்கியவள் அப்பா கட்சிக்குப் போட்டிருக்கிறாள். அக்காவுக்கு ஓட்டே கிடையாது. அந்தப் புவியியல் அம்மாளுக்கு எங்கள் குடும்பத்திலிருந்து விழுந்த ஒரே ஓட்டு...

"அம்மா? என்னாச்சும்மா? அம்மா! நீயா?"

"வாக்குக் குடுத்தேன்ல?" என்றேன்.

அவள் போட்ட கூச்சலில் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தேன். "முழுக்க பெரியம்மாவுக்காகவா போட்ட?" என்று கேட்டாள். "பாதி அவளுக்காக" என்றேன். மீதிப் பாதியைப் பற்றி நேரில் பேச வேண்டும், அடுத்த சனிக்கிழமை வருகிறேன் என்கிறாள். இந்தத் தடவை சாக்கு எதுவும் கேட்கவில்லை.

அதற்குள் இவர் உள்ளே வந்தார். "கோமு, ஆளப் பிடிச்சாச்சு! கோடி வீட்டு யோகா வாத்தியார். ஜெரால்டுக்கும் அதே சந்தேகம்தான்."

"அது நான்தாங்க" என்றேன்.

என்னைப் பார்த்தார். ஒரு வினாடி. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "உனக்கு எப்பவும் கேலிதான்" என்று சொல்லிவிட்டு, ஜெரால்டிடம் இந்த ஜோக்கைச் சொல்ல வெளியே ஓடினார்.

அடுத்த தேர்தலுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. அதற்குள் நம்பிவிடுவார்.